சாட்சி சொல்லப் போகிறவர்களுக்கு: ஆயத்தம் முதல் பின்தொடர்வு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தேவன் தம் வாழ்வில் செய்ததைச் சபையின் முன் எடுத்துச் சொல்வதே சாட்சி. "சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் முன்வரலாம்" என்று ஆராதனையில் அழைக்கும்போது ஏற்படும் தயக்கம் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். சிறுவயது முதல் ஆலயத்திலேயே வளர்ந்தவர்கள், குடியிலிருந்தும் சிறையிலிருந்தும் மீண்டவர்களின் அனுபவங்களைக் கேட்டுக் கேட்டு, தங்களிடம் சொல்வதற்கு எதுவுமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இன்னும் சிலருக்குச் சொல்ல ஏராளம் உண்டு. ஆனால் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாததால், எழும்பி நின்ற பிறகு இருபது நிமிடம் பேசியும் சொல்ல வந்ததைச் சொல்லாமலே உட்கார்ந்துவிடுகிறார்கள். இந்த இரு சாராரையும் மனதில் வைத்தே இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது.

யோவான் 9-ஆம் அதிகாரத்தில் பார்வையடைந்த மனிதனை இதற்கு முன்மாதிரியாகக் கொள்ளலாம். அவனைச் சுகமாக்கியவர் எங்கே என்று கேட்டபோது, தெரியாது என்றான். அவர் பாவியா இல்லையா என்று யூத மதத் தலைவர்களான பரிசேயர் வாதிட்டபோதும், தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல அவன் பேசவில்லை. "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்" என்றான். கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லப்பட்ட அந்த ஒற்றை வாக்கியத்தை, கற்றறிந்த அத்தனை பேராலும் அசைக்க முடியவில்லை. கீழே வரும் படிகள் யாவும் அந்த அளவோடு நின்றுகொள்ளப் பழகுவதற்கான வழிகளே.

முதல் படி: ஏன் சொல்கிறோம் என்று தெளிவாதல்

பேனாவைக் கையில் எடுக்குமுன், இதைக் கேட்கிறவர் எதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டும் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். "இவர் எவ்வளவு பக்தியுள்ளவர்" என்று அவர்கள் வியக்கவேண்டும் என்பது விடையானால் இன்னும் சில நாட்கள் காத்திருப்பது நல்லது. "தேவனுக்குப் பயந்தவர்களே, நீங்கள் எல்லாரும் வந்து கேளுங்கள், அவர் என் ஆத்துமாவுக்குச் செய்ததைச் சொல்லுவேன்" என்று 66-ஆம் சங்கீதம் சொல்லும்போது, அங்கே செயல்படுகிறவர் கர்த்தர், பாடுகிறவன் அதைப் பெற்றுக்கொண்டவன் மட்டுமே. இந்த வரிசை மாறாமல் காத்துக்கொள்ளும்படி ஜெபித்துத் தொடங்குங்கள்.

யாரோ ஒருவருக்கு மறைமுகமாகப் பதில் சொல்வதற்கும், சபையில் நடக்கும் ஒரு கருத்து வேறுபாட்டில் நம் பக்கத்தை வலுப்படுத்துவதற்கும் சாட்சி நேரத்தைப் பயன்படுத்தக் கூடாது. இதைத் தனியே சொல்லவேண்டியதில்லை என்று தோன்றலாம். ஆனால் கேட்டவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு அடிக்கடி நடக்கிறது என்று.

இரண்டாம் படி: ஒன்றைத் தேர்ந்தெடுத்தல்

பிறந்தது முதல் இன்றுவரை நடந்த யாவற்றையும் சொல்வது வாழ்க்கை வரலாறு. சாட்சிக்கு ஒரே ஒரு காரியம் போதும். ஒரு தாளில் உங்கள் வாழ்வின் திருப்பங்களைக் காலவரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள்: விசுவாசத்துக்கு வந்தது, ஒரு பயம் நீங்கியது, இழப்பின் நடுவே தாங்கப்பட்டது, மன்னிக்க முடிந்தது, ஒரு பழக்கத்திலிருந்து விடுபட்டது, பதில் வராமலே நம்பிக்கையில் நிலைத்திருந்தது. பிறகு அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவை அடுத்த வாய்ப்புக்கு இருக்கட்டும்.

பெரிய திருப்பம் எதுவும் இல்லை என்று தயங்குகிறவர்களுக்குப் பவுலின் இளம் உடன் ஊழியரான தீமோத்தேயுவை நினைவூட்டலாம். அவருடைய விசுவாசம் முதலில் பாட்டியாகிய லோவிசாளுக்குள்ளும் தாயாகிய ஐனிக்கேயாளுக்குள்ளும் நிலைத்திருந்தது என்று பவுல் எழுதுகிறார். வேத எழுத்துக்களைச் சிறுவயதுமுதல் அறிந்தவர் என்றும் சொல்கிறார். பவுலுக்குத் தமஸ்குவுக்குப் போகும் வழியில் நேர்ந்ததுபோன்ற திடீர் மாற்றம் அவருக்கு இல்லை. தலைமுறையாக ஒரு வீட்டில் காக்கப்பட்ட விசுவாசமும் தேவனுடைய செயல்தான். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கிற பெற்றோருக்கு, தலைகீழ் மாற்றத்தைக் கேட்பதைவிட இப்படிப்பட்ட சாட்சியே அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

மாற்றம் படிப்படியாக வந்திருந்தால் அதை ஒரே நாளில் நடந்ததாகச் சுருக்கவும் வேண்டாம். அடிமை வியாபாரக் கப்பல்களில் இருந்து பின்னாளில் ஊழியரான ஜான் நியூட்டன், 1748 மார்ச்சில் அட்லாண்டிக் கடலில் புயலில் சிக்கியபோது தேவனை நோக்கிக் கூப்பிட்டார். ஆனாலும் 1754 வரை அவர் அதே வியாபாரத்தில்தான் இருந்தார். அதில் தமக்கிருந்த பங்கைப் பற்றி வெட்கத்தோடு வெளிப்படையாக எழுதியது 1788-இல்தான். புயலடித்த நாட்களிலேயே தாம் முழுமையான விசுவாசியாகிவிட்டதாக அவரும் கருதவில்லை. புயலோடு கதையை முடித்திருந்தால் கேட்க நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பின்வந்த நாற்பது ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்லும்போதுதான், மெதுவாக மாறிக்கொண்டிருக்கிற ஒருவருக்கு அதில் நம்பிக்கை கிடைக்கிறது.

மூன்றாம் படி: கட்டமைப்பு

முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, பின்பு என்ன ஆயிற்று என்ற மூன்று பகுதி அமைப்பு பழையதுதான். ஆனாலும் இதைவிட எளிதானது இல்லை. அப்போஸ்தலர் 26-இல் அகிரிப்பா ராஜாவின் முன் பவுல் பேசியதைப் பிரித்துப் பார்த்தால் இது தெளிவாகும். 4 முதல் 11 வரையுள்ள வசனங்கள் அவருடைய பழைய வாழ்க்கை. 12 முதல் 18 வரை தமஸ்குவுக்குப் போகும் வழியில் நடந்தது. 19 முதல் 23 வரை அதன்பின் அவர் கீழ்ப்படிந்த விதம். ஏறக்குறைய ஐந்து நிமிடத்தில் வாசித்து முடிக்கக்கூடிய பேச்சு அது.

இதே அனுபவத்தை 22-ஆம் அதிகாரத்தில் எருசலேமின் ஜனக்கூட்டத்துக்கு அவர் சொன்ன விதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே எபிரெய பாஷையில் பேசுகிறார். யூத வேத அறிஞரான கமாலியேலின் பாதத்தருகே கற்றதைச் சொல்கிறார். தம்மிடம் வந்த அனனியாவை, வேதப்பிரமாணத்தின்படி பக்தியுள்ளவன் என்றும் அங்கே குடியிருந்த யூதரால் நல்லவனென்று சாட்சி பெற்றவன் என்றும் அறிமுகப்படுத்துகிறார். அகிரிப்பாவின் முன்போ அனனியாவைப் பற்றிய பேச்சே இல்லை. நடந்தது ஒன்றுதான், ஆனால் எந்த விவரம் எந்தச் செவிக்குப் பயன்படும் என்பதை அவர் அறிந்திருந்தார். வாலிபர் கூடுகையில் சொல்வதையும், துக்க வீட்டில் ஒருவரிடம் தனியே சொல்வதையும், ஞாயிறு ஆராதனையில் சொல்வதையும் ஒரே வடிவத்தில் வைத்திருக்கத் தேவையில்லை. விவரங்களைத் தேர்ந்துகொள்ளலாம், நடந்ததை மாற்றக் கூடாது.

பழைய வாழ்க்கைக்கு ஒதுக்கும் நேரம் குறித்து ஒரு எச்சரிக்கை. பாவத்தின் விவரங்களை ருசித்துச் சொல்லத் தொடங்கினால், கேட்கிறவர்களின் மனதில் அதுவே தங்கிவிடும். அதே பாவத்தோடு போராடிக்கொண்டிருக்கிறவருக்கு அது சோதனையாகவும் முடியும். எதிலிருந்து மீட்கப்பட்டோம் என்பது விளங்கும் அளவுக்குச் சொன்னால் போதும்.

நான்காம் படி: எழுதுதல்

பேசுவதற்காகவே இருந்தாலும் முதலில் எழுதிவிடுங்கள். எழுதும்போது பெரும்பாலோர் முதலில் எழுதுவது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"நான் கசப்பு நிறைந்த மனுஷனாக இருந்தேன். ஆண்டவர் என்னைத் தொட்டார். இப்போது என் வாழ்க்கை முழுவதும் சந்தோஷமாக இருக்கிறது. ஸ்தோத்திரம்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இது யாருடைய சாட்சியாகவும் இருக்கலாம். கசப்பு எப்படி வெளிப்பட்டது, ஆண்டவர் தொட்டது எந்த வழியில், இப்போது மாறியிருப்பது எது, மாறாதது எது என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் கேள்வி கேட்டு எழுதினால் அதே சாட்சி இப்படி வரக்கூடும்:

"அப்பா இறந்த பிறகு, சொத்துப் பிரிவினையில் எனக்கும் அண்ணனுக்கும் பேச்சு நின்றுபோனது. குடும்பத்தில் ஒரு திருமணம் என்றாலும், அவர் உட்கார்ந்திருக்கிற பக்கம் நான் போகமாட்டேன். ஆராதனையில் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லும்போது, 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற இடம் வந்தால் வாயை மூடிக்கொள்வேன். அதைத் தாண்டிய பிறகுதான் மறுபடியும் சேர்ந்துகொள்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் என் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அன்று இரவு அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் அதிகம் பேசவில்லை. நிலம் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஜெபத்தை இப்போது நான் முழுவதும் சொல்கிறேன்."

இரண்டாவதில் "ஆண்டவர் என்னைத் தொட்டார்" என்ற சொற்றொடரே இல்லை. ஆனாலும் அவர் எங்கே தொட்டார் என்பது கேட்கிற எவருக்கும் புரியும். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, 1738 மே 24 அன்று லண்டனில் தமக்கு நேர்ந்த விசுவாச அனுபவத்தைத் தம் நாட்குறிப்பில் எழுதும்போது, மாலை எட்டே முக்கால் மணி என்ற நேரத்தையும், அப்போது என்ன வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே குறித்தார். அதன்பின் விரைவிலேயே தமக்குச் சோதனைகள் வந்ததையும் மறைக்கவில்லை. துல்லியமும் ஒளிவின்மையும் சேரும்போது கேட்கிறவர் நம்பத் தொடங்குகிறார்.

சபைக்குள் பழகிப்போன சொற்களைப் பற்றியும் யோசியுங்கள். "அபிஷேகம்", "உடைக்கப்பட்டேன்", "பாரம்" போன்றவை விசுவாசிகளுக்கு உடனே புரியும். புதிதாக வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குப் புரியாது. வேத வசனம் ஒன்று போதும், அதுவும் அந்த அனுபவத்தில் உண்மையாகவே உங்களோடு பேசிய வசனமாக இருக்கவேண்டும். பின்னர் தேடிச் சேர்த்த வசனம் எளிதில் காட்டிக்கொடுத்துவிடும்.

ஐந்தாம் படி: சரிபார்த்தல்

பலமுறை சொல்லப்பட்ட சாட்சி வளரும் தன்மையுடையது. மூன்று நாள் காய்ச்சல் ஒரு வாரமாகும். "பார்க்கலாம்" என்று சொன்ன மருத்துவர் "கைவிட்டுவிட்டார்" என்று மாறுவார். யாரும் பொய் சொல்லவேண்டும் என்று எண்ணிச் செய்வதில்லை; கேட்பவர்களின் முகம் மலருவதைப் பார்த்து நாவு தானாகவே கொஞ்சம் கூட்டிவிடுகிறது. ஆனால் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளை, தேவனுக்கு மகிமை சேர்க்கும் நோக்கத்தோடு சொல்லப்படுகிற மிகைக்கு விலக்கு அளிக்கவில்லை. ஆகவே எழுதியதை, அந்த நாட்களில் உங்களோடு இருந்த ஒருவரிடம் காட்டி, நடந்தது இதுதானா என்று கேளுங்கள்.

நோயும் சிகிச்சையும் வருமிடத்தில் இரட்டிப்புக் கவனம் தேவை. மருத்துவர் சொன்னதை அவர் சொன்ன அளவிலேயே சொல்லவேண்டும். அறுவை சிகிச்சையும் மருந்தும் இருந்திருந்தால் அவற்றையும் சொல்லவேண்டும். சிகிச்சையின் வழியாக வந்த சுகத்துக்கும் தேவனுக்கு நன்றி செலுத்தலாம். அதை மறைத்தால்தான் அற்புதம் ஆகும் என்பதில்லை. உங்கள் சாட்சியைக் கேட்டு ஒருவர் தம் மருந்தை நிறுத்திவிடக்கூடும் என்பதால், "நான் மருந்தை விட்டுவிட்டேன்" என்ற வாக்கியத்தை மேடையில் சொல்லவே வேண்டாம் என்பது என் உறுதியான ஆலோசனை.

ஆறாம் படி: கதையில் வரும் மற்றவர்கள்

மேலே சொன்ன சாட்சியில் ஓர் அண்ணன் வருகிறார். அந்தச் சபையிலேயே அவரை அறிந்தவர்கள் இருக்கலாம். அவருடைய சம்மதம் இல்லாமல் அதைச் சொல்வது, ஒப்புரவானதாகச் சொல்லப்படும் உறவையே மறுபடி முறிக்கும். கணவரின் குடி, மகளின் மனச்சோர்வு, நண்பரின் கடன் ஆகியவை உங்கள் அனுபவத்தின் பகுதியாக இருந்தாலும் முதலில் அவர்களுக்குரியவை. அனுமதி கேளுங்கள், எழுதியதை அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள், மறுத்தால் அப்பகுதியை விட்டுவிடுங்கள். பெயரை மட்டும் நீக்கிவிட்டால் போதாது, விவரங்களை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொள்வார்கள். சிறுபிள்ளைகள் விஷயத்தில் அவர்கள் இன்று சம்மதித்தாலும், வளர்ந்த பிறகு இது தங்களைப் பற்றிப் பொதுவில் இருப்பதை விரும்புவார்களா என்று அவர்களுக்காக நீங்களே யோசிக்கவேண்டும்.

உங்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைச் சொல்ல நேர்ந்தால், அது இன்னும் ஆறாத காயமா என்று முதலில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பேசிப் பாருங்கள். சபை முழுவதின் முன் முதன்முதலாக அதைத் திறப்பது உங்களுக்கே தாங்கமுடியாததாகிவிடும்.

ஏழாம் படி: பதில் கிடைக்காதவர்களையும் மனதில் வைத்தல்

சாட்சி சொல்கிறவர்கள் மிகக் குறைவாக யோசிக்கும் இடம் இது. "நாங்கள் விசுவாசத்தோடு ஜெபித்தோம், குழந்தை பிழைத்துக்கொண்டது" என்று நீங்கள் சொல்லும் அதே நேரத்தில், அதே விசுவாசத்தோடு ஜெபித்தும் குழந்தையை அடக்கம் செய்த ஒரு தாய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். உங்கள் வாக்கியத்தை அவர் எப்படிக் கேட்பார்? "அப்படியானால் எங்கள் விசுவாசம் போதவில்லையா?" என்றுதான்.

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரம் இதற்கு ஓர் அரிய வழிகாட்டி. அதன் தொடக்கத்தில் ஏரோது யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொலைசெய்கிறான். சில வசனங்களுக்குப் பின் பேதுரு சிறையிலிருந்து தூதனால் விடுவிக்கப்படுகிறார். ஒரே ராஜா, ஒரே சபை. ஒருவர் மரித்தார், ஒருவர் மீண்டார். யாக்கோபுக்காக ஜெபம் குறைந்துபோனது என்றோ, பேதுருவின் விசுவாசம் பெரியது என்றோ இந்நூலை எழுதிய லூக்கா ஒரு வார்த்தையும் எழுதவில்லை; பேதுரு தாம் விடுவிக்கப்படுவதை எதிர்பார்க்கவே இல்லை, தரிசனம் காண்பதாகத்தான் எண்ணினார். மாற்கு என்னும் யோவானின் தாயாகிய மரியாளின் வீட்டில் கூடியிருந்தவர்களிடம், கர்த்தர் தம்மைக் காவலிலிருந்து விடுதலையாக்கின விதத்தை அவர் விவரித்தபோது, அவர்கள் நடுவே யாக்கோபைப் பற்றிய துக்கம் ஆறியிருந்திருக்காது. பவுலும், 'முள்' என்று தாம் குறிப்பிட்ட சரீர வேதனை நீங்காமல், "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலையே பெற்றார். தம் உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததை எந்தச் சமாதானமும் சொல்லாமல் எழுதுகிறார்.

நடைமுறையில் இதைச் செய்வது கடினமல்ல. உங்கள் விசுவாசத்தைச் சுகத்துக்குக் காரணமாக நிறுத்தும் வாக்கியங்களை நீக்கிவிடுங்கள். "நாங்கள் விடாமல் ஜெபித்ததால்" என்பதற்குப் பதிலாக "நாங்கள் ஜெபித்தோம், ஆண்டவர் இரக்கம் பாராட்டினார்" என்று சொல்லலாம். "இதே விண்ணப்பத்தோடு இன்னும் காத்திருக்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள், ஏன் எங்களுக்கு இப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது" என்ற ஓர் வாக்கியத்தைச் சேர்க்கலாம். "உங்களுக்கும் அப்படியே செய்வார்" என்று வாக்களிக்க நமக்கு அதிகாரம் இல்லை. ராஜா நிறுத்திய சிலையை வணங்க மறுத்ததால் அக்கினிச் சூளைக்கு முன் நின்ற சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ ஆகியோர்கூட, தங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர் என்று சொன்ன கையோடு, அவர் விடுவிக்காமற்போனாலும் சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள்.

இதே காரணத்தால், பதில் வராத நிலையிலேயே சொல்லப்படும் சாட்சிகளுக்கும் சபைகள் இடம் தரவேண்டும். நோய் தீரவில்லை, வேலை கிடைக்கவில்லை, ஆனாலும் ஜெபிப்பதை விட்டுவிடவில்லை என்று ஒருவர் சொல்வது, முடிவு தெரிந்த பத்துக் கதைகளைவிடப் பலரைத் தாங்கிப்பிடிக்கும்.

எட்டாம் படி: பேசுதல்

எழுதியதைச் சத்தமாக வாசித்துக் கடிகாரத்தில் அளந்து பாருங்கள். உங்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரத்தைவிட ஒரு நிமிடம் குறைவாக இருக்கவேண்டும். நின்று பேசும்போது எப்படியும் நீளும். மனப்பாடம் செய்யவேண்டாம். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் உறுதியாக அறிந்து, நடுவிலுள்ளவற்றுக்கு ஒரு சிறு குறிப்புத் தாளை வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு கட்டுக்கடங்காமல் போவது பெரும்பாலும் கடைசி வாக்கியம் தெரியாததால்தான்.

அழுகை வந்தால் நிறுத்திக்கொண்டு, மூச்சு விட்டுத் தொடருங்கள். மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. வராத கண்ணீரை வரவழைக்கவும் வேண்டாம். பிரசங்கமாக மாறிவிடும் ஆசையையும் அடக்குங்கள்: "ஆகவே நீங்கள்…" என்று தொடங்கும் வாக்கியம் வாயில் வந்தால், சாட்சி முடிந்துவிட்டது என்று பொருள்.

ஒருவரிடம் தனியே சொல்லும்போது, முதலில் அவர் பேசுவதைக் கேட்டு முடியுங்கள். நம் நம்பிக்கையைக் குறித்துப் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி எழுதிய பேதுரு, விசாரித்துக் கேட்கிறவர்களுக்கே அதைச் சொல்லும்படியும், சாந்தத்தோடும் வணக்கத்தோடும் சொல்லும்படியும் எழுதினார். எதிரில் இருப்பவருடைய துயரத்தை இடைமறித்து "எனக்கும் இப்படித்தான்" என்று தொடங்கினால், அவருடைய கதை பறிபோய்விடும். மறுப்பு வந்தாலும் வாதாடவேண்டாம். அகிரிப்பாவோடு அமர்ந்திருந்த தேசாதிபதி பெஸ்து "பிதற்றுகிறாய்" என்று உரத்த சத்தமாய்ச் சொன்னபோதும் பவுல் அவரை மரியாதையாகவே அழைத்துப் பதிலளித்தார்.

காணொளியாகப் பதிவு செய்வதானால், அது எங்கே பகிரப்படும், எவ்வளவு காலம் இருக்கும், நீக்கச் சொன்னால் நீக்குவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விசுவாசத்தின் நிமித்தம் ஆபத்துள்ள சூழலில் இருப்பவர்கள் முகத்தையும் ஊரையும் வெளியிடாதிருப்பது கோழைத்தனம் ஆகாது.

ஒன்பதாம் படி: அதன்பின்

ஆராதனை முடிந்ததும் சிலர் உங்களைத் தேடி வருவார்கள். சிலர் எல்லாரும் போனபிறகு வருவார்கள். அந்த அரைமணி நேரத்துக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், விரும்பினால் சேர்ந்து ஜெபியுங்கள், கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். வீட்டு வன்முறை, தற்கொலை எண்ணம் போன்றவற்றை ஒருவர் சொன்னால் உங்கள் அனுபவத்தை வைத்து ஆலோசனை தருவதை நிறுத்தி, அவர் தனியே விடப்படாதபடி பார்த்துக்கொண்டு, தகுந்த உதவி செய்யக்கூடியவர்களிடம் உடனே கொண்டுசேருங்கள். ஜெபமும் அந்த உதவியும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. ஓரிரு நாள் கழித்து, வந்து பேசியவர்களை நலம் விசாரியுங்கள்.

உங்கள் நிலைமை பின்னர் மாறினால் சாட்சியையும் மாற்றுங்கள். நீங்கியதாகச் சொன்ன நோய் திரும்பி வரலாம். விட்டதாகச் சொன்ன பழக்கத்தில் மறுபடி விழலாம். அப்போது பழைய சாட்சியையே தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம், வெட்கத்தால் சபையிலிருந்து ஒதுங்கவும் வேண்டாம். போதகரிடம் முதலில் தெரிவித்து, பதிவு ஏதும் பகிரப்பட்டுக்கொண்டிருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லி, பேசப் பெலன் வந்தபிறகு அதே சபையின் முன் நின்று, அன்றைக்கு நடந்தது உண்மை, இன்று நிலைமை இது, எனக்காக ஜெபியுங்கள் என்று சொல்லுங்கள்.